கத்தி இல்லாத உடற்கூறு வகுப்பு: நர்சிங் டியூட்டர்களுக்குத் தொடக்க வழிகாட்டி

கோவையிலிருந்து கரூர் வரைக்கும், சேலத்திலிருந்து தாராபுரம் வரைக்கும் நர்சிங் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை. அவற்றில் சிலவற்றில் மனித உடலை அடுக்கடுக்காக உரித்துக் காட்டும், ஆள் நீளத்துக்கு ஒரு டச் ஸ்கிரீன் மேசை வந்து இறங்கியிருக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் நாளில் துணியை எடுத்து, இதயத்தைச் சுழற்றிக் காட்டி, மறுபடியும் மூடி வைத்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த டியூட்டரிடம் சாவியைக் கொடுத்து, "இனி நீங்க பார்த்துக்குங்க மேடம்" என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. அந்த டியூட்டருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேசை இல்லாத கல்லூரியில் இருப்பவர்களும் படிக்கலாம். ஒரு லேப்டாப்பும் புரொஜெக்டரும் இருந்தால் இதில் முக்கால்வாசியைச் செய்துவிட முடியும்.

எலும்பு மண்டலம், தசை மண்டலம், நரம்பு மண்டலம் என்று பாடப்புத்தக வரிசையில் மேசையில் நடத்த ஆரம்பித்தால் செமஸ்டர் முடிந்துவிடும், மாணவிகள் மனதில் வண்ணங்கள் மட்டும் மிஞ்சும். நர்ஸின் கை எங்கே போகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். ஊசி போடும் இடம், சிரைக்குள் கேனுலா என்ற சிறு குழாயை ஏற்றும் இடம், மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் டியூப் போகும் பாதை, சிறுநீர் எடுக்கும் கதீட்டர் நுழையும் வழி. தோலுக்கு வெளியே கைக்குத் தெரிவது என்ன, உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது என்ன என்று காட்டத்தான் இந்த மேசை. மற்றதற்குப் புத்தகமும் எலும்புப் பெட்டியும் போதும்.

நேரமும் அவ்வளவுதான் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் மாற்றிய பாடத்திட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டராக ஆனது. அப்ளைடு அனாட்டமி என்ற உடற்கூறியல் பாடம் முதல் செமஸ்டரிலேயே வந்துவிடுகிறது, மொத்தம் 60 மணி நேரம். பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைகள், ஹாஸ்டல் சாப்பாட்டுக்கே இன்னும் பழகியிருக்க மாட்டார்கள், அதற்குள் முழு உடம்பும் முடிந்தாக வேண்டும். எம்.பி.பி.எஸ். மாணவர்களைப் போல உடலைச் சுற்றி நின்று மாதக்கணக்கில் அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்கு இல்லை. பக்கத்து மருத்துவக் கல்லூரிக்கு ஒரு நாள் கூட்டிப் போனால், முதல் வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள், மூன்றாவது வரிசையில் நிற்பவர்கள் முன்னால் நிற்பவரின் பின்னலைப் பார்ப்பார்கள்.

திரையில் இருப்பது யார்?

வகுப்பு எடுப்பதற்கு முன் உங்கள் மென்பொருளில் இருக்கும் உடல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓவியர்கள் கணினியில் வரைந்து அடுக்கிய மாதிரி. தசை ஒழுங்காகச் சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள், எல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். மற்றொன்று, உண்மையான உடலை மெல்லிய அடுக்குகளாகச் சீவிப் படமெடுத்து, அந்தப் படங்களை மறுபடி அடுக்கி உருவாக்கியது.

இரண்டாவது வகைக்கு வழி போட்டது அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்திய விசிபிள் ஹ்யூமன் திட்டம். டெக்சாஸில் 1993-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஜோசப் பால் ஜெர்னிகன் தன் உடலை அறிவியலுக்குத் தர ஒப்புக்கொண்டிருந்தார். அந்த உடலை உறையவைத்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிச் சீவி, 1,871 குறுக்குவெட்டுப் படங்கள் எடுத்தார்கள். 1994 நவம்பரில் அவை வெளியாயின. அடுத்த ஆண்டு ஒரு பெண்ணுடலின் படங்கள் வந்தன. அது 0.33 மில்லிமீட்டர் இடைவெளி, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். பிறகு கொரியாவிலும் சீனாவிலும் இதே முறையில் செய்தார்கள். அனாட்டமேஜ் என்ற கலிபோர்னிய நிறுவனம் 2011-ல் ஆளுயர மேசையைக் கொண்டுவந்ததெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இதை மாணவிகளுக்குச் சொல்லுங்கள். ஜெர்னிகனின் உடலில் அப்பெண்டிக்ஸ் இல்லை, உயிரோடு இருந்தபோதே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு தகவல் போதும், திரையில் இருப்பது வாழ்ந்த மனிதர் என்பது வகுப்புக்கு உறைத்துவிடும். மேசை முன்னால் நின்று செல்ஃபி எடுக்கும் ஆசைக்கும் அது ஓரளவு தடை போடும். சிறையில் இருந்தவரின் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று அப்போதே கேள்வி எழுந்தது. நர்சிங் எதிக்ஸ் வகுப்புக்கு அதைவிட நல்ல விவாதப் பொருள் கிடைப்பது கஷ்டம்.

என் கருத்தில், முதல் இரண்டு வாரம் வரைந்த மாதிரியிலேயே நடத்தலாம். கண் பழகிய பிறகு நிஜ உடலுக்குப் போங்கள். அங்கே எல்லாமே பழுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகக் கலந்து கிடக்கும். "ஒண்ணுமே தெரியலைங்க மேடம்" என்பார்கள். தெரியாததுதான் நல்லது, வார்டில் பார்க்கப் போகும் உடம்பும் அப்படித்தான் இருக்கும்.

வாங்கும் முன்

வாங்குவது உங்கள் கையில் இருந்தால், டெமோ காட்ட வருபவர் இதயத்தைச் சுழற்ற ஆரம்பித்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். பெண் இடுப்புப் பகுதியை நடுவில் பிளந்து மூத்திரக் குழாயைக் காட்டச் சொல்லுங்கள். பிட்டத்தின் தசைகளை ஒவ்வொன்றாக உரித்துக் காட்டச் சொல்லுங்கள். திணறினால் அது உங்களுக்கான பொருள் கிடையாது. அப்புறம் இவற்றைக் கேளுங்கள்: நெட் இல்லாமல் ஓடுமா, ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் உண்டா, மேசையை நிமிர்த்தி நிற்கவைக்க முடியுமா, படத்தைப் புரொஜெக்டருக்கு அனுப்ப முடியுமா, பழுதானால் சர்வீஸ் ஆள் கோவையிலிருந்து வருவாரா, பெங்களூரிலிருந்து வருவாரா. கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பல லட்சம் போட முடியாத கல்லூரிக்கு இசட்-அனாட்டமி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜப்பானில் வெளியிட்ட பாடிபார்ட்ஸ் 3டி என்ற உடற்பாகத் தொகுப்பின் மேல் கட்டியது. ஒவ்வொரு தசையையும் தனியாக மறைக்கலாம், காட்டலாம், பெயர் பார்க்கலாம். காம்ப்ளீட் அனாட்டமி, விசிபிள் பாடி போன்றவற்றுக்குச் சந்தா கட்ட வேண்டும். ஆளுயரம் என்பதில் ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுவரில் அடித்த பெரிய படம் நாற்பது பேருக்குத் தெரியும், மேசை எட்டுப் பேருக்குத்தான் தெரியும்.

அறை

ஜன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழாத அறையாகப் பாருங்கள். யு.பி.எஸ். கட்டாயம். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்து, அன்றைக்கு மேசை வகுப்பு வைக்காதீர்கள். பல்லடம், சோமனூர், அவிநாசிப் பக்கம் கல்லூரி இருந்தால் பஞ்சுத் தூசி காற்றுத் துளைகளை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை அட்டெண்டரை வைத்துத் துடைத்தெடுங்கள். திரையில் ஸ்பிரிட் ஊற்றித் துடைக்கக் கூடாது. ஸ்கில் லேபில் கைக்கு முதலில் கிடைப்பது அதுதான் என்பதால் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

முதல் வகுப்பு: இடது வலது

முதல் மணி நேரத்தில் உறுப்பு எதையும் தொடாதீர்கள். திரையில் படுத்திருப்பவரின் வலது கை எங்கே என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் தங்கள் வலது பக்கத்தைக் காட்டுவார்கள். நோயாளியின் வலது எப்போதும் நோயாளியின் வலதுதான், பார்ப்பவர் எங்கே நின்றாலும். பிறகு உடலைக் குறுக்காக ஒரு வெட்டு வெட்டி, கல்லீரல் எந்தப் பக்கம் வருகிறது என்று காட்டுங்கள். சிடி ஸ்கேன் படத்தை நோயாளியின் காலடியில் நின்று மேலே பார்ப்பதுபோல் வைப்பார்கள், அதனால் கல்லீரல் படத்தின் இடப்பக்கத்தில் தெரியும். இது பிடிபடாமல் மேலே போனால் கடைசி வரைக்கும் குழப்பம்தான்.

ஒரு முழு வகுப்பு: இடுப்பு ஊசி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த ஒரு வகுப்பு கைவந்துவிட்டால் மற்றவற்றை நீங்களே அமைத்துக்கொள்ளலாம்.

திரையை அணைத்து வையுங்கள். மாணவிகளை இருவர் இருவராக நிற்கவையுங்கள். மாணவர்கள் இருந்தால் அவர்கள் தனி ஜோடி. தொடுவதற்குச் சம்மதம் கேட்டுத்தான் தொட வேண்டும் என்பதை இங்கேயே பழக்குங்கள், வார்டிலும் அதே பழக்கம் வரும். யூனிஃபார்மின் மேலேயே இடுப்பு எலும்பின் முன்முனையைத் தேடச் சொல்லுங்கள். அது கிடைத்ததும் அந்த எலும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகட்டும். அடுத்தது ட்ரோகாண்டர், தொடை எலும்பின் மேலே வெளிப்பக்கம் புடைத்திருக்கும் முண்டு. தட்டுப்படாவிட்டால் தோழியைக் காலை உள்ளும் வெளியும் திருப்பச் சொல்லுங்கள், கைக்கு அடியில் உருளும். "ஏன் அம்மணி, கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே சுற்றி வாருங்கள். கூச்சப்பட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

இப்போது கையை வைக்கும் முறை. நோயாளியின் இடது இடுப்பு என்றால் நர்ஸின் வலது கை. உள்ளங்கையின் அடிப்பகுதி ட்ரோகாண்டர் மேல், ஆள்காட்டி விரல் எலும்பின் முன்முனையில், நடுவிரல் விளிம்பை ஒட்டிப் பின்னோக்கி விரிந்திருக்க வேண்டும். இரண்டு விரலுக்கும் நடுவில் வரும் இடைவெளிதான் ஊசிக்கான இடம். பேனாவால் யூனிஃபார்மில் குறிக்க வேண்டாம், ஹாஸ்டல் வார்டன் உங்களைத்தான் கேட்பார். சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

அதன் பிறகு திரையைப் போடுங்கள். ஒரு மாணவி தோலின் மேல் அதே மூன்று இடங்களைக் குறிக்கட்டும். தோலை எடுங்கள். கொழுப்பு. அதை எடுங்கள், குளூட்டியஸ் மீடியஸ் தசை. அதன் கீழ் குளூட்டியஸ் மினிமஸ். அதற்கும் கீழ் எலும்பு. அவ்வளவுதான். பெரிய நரம்பு எங்கே என்று கேட்பார்கள். உடலைப் புரட்டி, குளூட்டியஸ் மாக்ஸிமஸை விலக்கி, பிரிஃபார்மிஸ் தசைக்கு அடியிலிருந்து சயாட்டிக் நரம்பு வெளியே வருவதைக் காட்டுங்கள். விரல் தடிமனுக்கு மஞ்சளாக இறங்குவதைப் பார்த்ததும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும்.

இங்கேதான் மேசையின் உண்மையான பயன் வருகிறது. நம் ஊர்ப் பக்கம் பிட்டத்தில் ஊசி என்றால் பின்பக்கம்தான். நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கக் கால் பகுதியில் போடுவது என்று பாடம் சொல்கிறது. ஒரு மாணவியை அழைத்து, அந்தக் கோடுகளை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல், அவசரத்தில் போடுவதுபோல் போடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தோலிலிருந்து எலும்பு வரைக்கும் வெட்டிப் பாருங்கள். கோடு கொஞ்சம் உள்ளே தள்ளினாலும் கீழே இறங்கினாலும் நரம்பு எவ்வளவு கிட்டே வந்துவிடுகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். தவறான இடத்தில் குத்திப் பார்த்து, அன்டூ போட்டு மீண்டும் குத்த வேறு எங்கே முடியும்?

குறுக்குவெட்டை அப்படியே வைத்துக்கொண்டு கொழுப்பின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மென்பொருளில் அளவுகோல் இருக்கும். ஊசியின் நீளம் அதைத் தாண்டித் தசைக்குப் போகுமா என்று சிரிஞ்சைக் கையில் வைத்துப் பார்க்கட்டும். திரையில் இருப்பது ஒருவருடைய உடம்பின் அளவு, வார்டில் ஒல்லியான தாத்தாவும் வருவார், பருமனான அக்காவும் வருவார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் மேசையை அணைத்துவிட்டு, வெறும் கோட்டுப் படம் ஒன்றைக் கையால் வரையவையுங்கள். யுனிவர்சிட்டி பேப்பரில் டச் ஸ்கிரீன் வராது.

மற்ற பாதைகள்

ரைல்ஸ் டியூபுக்குத் தலையை மூக்கின் ஓரமாக நீளவாக்கில் வெட்டுங்கள். மூக்குத் துளை மேலே போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மூக்கின் தரை நேராகப் பின்பக்கம் போவதைப் பார்த்தால், டியூபை மேலே நெம்பக் கூடாது என்பது தானாகப் புரியும். அப்படியே கீழே இறங்கி, உணவுக் குழாயும் மூச்சுக் குழாயும் பிரியும் இடத்தைக் காட்டுங்கள். விழுங்கச் சொல்வதும் தாடையை நெஞ்சோடு சாய்க்கச் சொல்வதும் எதற்கு என்று அங்கே நின்று கேளுங்கள். நுரையீரலுக்குப் பிரியும் கிளைக் குழாய்களில் வலது பிராங்கஸ் இடதைவிட அகலம், குட்டை, செங்குத்து. புரையேறும் பொருள் ஏன் பெரும்பாலும் வலப்பக்கம் போகிறது என்பதை இங்கேயே முடித்துவிடலாம்.

கதீட்டர் வகுப்பில் சில டியூட்டர்கள் பிறப்புறுப்புப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள், சிலர் மென்பொருளில் மறைத்தே வைத்துவிடுகிறார்கள். அதை ஒத்துக்கொள்ளவே முடியாது. இந்தப் பிள்ளைகள் மூன்று மாதத்தில் வார்டுக்குப் போவார்கள். பெண்ணுக்கு மூத்திரக் குழாய் சுமார் 4 செ.மீ., ஆணுக்கு சுமார் 20 செ.மீ., அதிலும் வளைவுகள் உண்டு, புராஸ்டேட் சுரப்பியின் நடுவே போகிறது. பெண்ணுடலில் திறப்புகளின் வரிசையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுங்கள். கதீட்டர் தவறி யோனிக்குள் போவது புதியவர்களுக்கு நேரக்கூடியது. போய்விட்டால் அதை அடையாளத்துக்கு அங்கேயே விட்டுவிட்டு, புதுக் கதீட்டர் எடுத்து மேலே இருக்கும் திறப்பில் செலுத்த வேண்டும் என்பதையும் படத்தோடு சொல்லுங்கள். சாதாரணக் குரலில் சொன்னால் சிரிப்பு தானாக அடங்கும்.

முழங்கையின் முன்பக்கம் கேனுலாவுக்கும் ரத்தம் எடுப்பதற்கும். தோலுக்கு அடியிலேயே சிரை, அதற்குக் கீழே மெல்லிய சவ்வு, அதற்கும் கீழே வெளியிலிருந்து உள்ளாகத் தசைநாண், தமனி, நரம்பு. தோளில் டெல்டாய்டு தசை ஊசிக்கு, அக்ரோமியன் என்ற தோள் நுனி எலும்பிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே. கீழே இறங்கினால் ஆக்ஸிலரி நரம்பு, மேலே ஏறினால் மூட்டின் பர்சா என்ற திரவப் பை. இவை இரண்டும் ஒரே வகுப்பில் முடியும்.

ஊர்க் கதையையும் கொண்டுவாருங்கள். தறி ஓட்டும் குடும்பத்திலிருந்து வந்த பெண் ஒருத்தியாவது வகுப்பில் இருப்பாள். நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் அம்மாவின் காலில் சிரை பச்சையாகச் சுருண்டு கிடப்பதைப் பார்த்தே வளர்ந்திருப்பாள். உள்கணுக்காலின் முன்புறமாக ஏறும் கிரேட் சஃபீனஸ் சிரையைத் திரையில் அவளையே தேடி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே வால்வு கெட்டால் ரத்தம் எப்படித் தேங்கும் என்று நீங்கள் சொல்லி முடிக்கும் முன் அவளே கேள்வி கேட்பாள்.

கூட்டத்தைப் பிரிப்பது

அறுபது பேரை மேசையைச் சுற்றி நிறுத்தினால் அது வகுப்பு ஆகாது, தேர்த் திருவிழா. ஆறு ஆறு பேராகப் பிரித்து, மேசை, எலும்புப் பெட்டி, டம்மி, தோழியின் உடலில் இடம் குறித்தல் என்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். மேசையில் ஒரே ஒரு விதி வையுங்கள்: திரையைத் தொடுபவர் பேசக் கூடாது, பேசுபவர் தொடக் கூடாது. "இன்னும் கொஞ்சம் மேலே, இல்ல, வெளிப்பக்கம்" என்று வாயால் வழிகாட்டப் பழகினால் பெயர்களும் திசைகளும் நாக்கில் நிற்கும். தாளவாடியிலிருந்தும் அந்தியூரிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இது பெரிய உதவி. விளக்கத்தைத் தாராளமாகத் தமிழில் சொல்லுங்கள், உறுப்பின் பெயரை ஆங்கிலத்தில் எழுதவையுங்கள். பரீட்சை ஆங்கிலத்தில்தான். பக்கத்தில் கேரளத்திலிருந்து வந்த பிள்ளை இருந்தால் அவளோடு ஜோடி சேர்த்துவிடுங்கள், இருவருக்கும் லாபம்.

மேசையால் முடியாதது

தொட்டு உணர்வது. நல்ல சிரை விரலுக்கு அடியில் மெத்தென்று துள்ளுவதையும், தசைக்குள் ஊசி இறங்கும்போது கை உணரும் மாற்றத்தையும் கண்ணாடித் திரை தராது. ஆளுக்கு ஆள் மாறும் அமைப்பையும் அது தராது. அதனால் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போவதை நிறுத்திவிடாதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966-லிருந்து இருக்கிறது, பெருந்துறையிலும் சேலத்திலும் இருக்கிறது. 2022-ல் திருப்பூருக்கும் நாமக்கல்லுக்கும் வந்துவிட்டது. பிரின்சிபால் கையெழுத்தோடு அனாட்டமி துறைத் தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கேட்காமல், இடுப்பு, முழங்கை முன்பகுதி, கழுத்து என்று மூன்று இடங்களைக் குறிப்பிட்டுக் கேட்டால் அவர்களுக்கும் சுலபம். போகும் முன் அந்த மூன்றையும் மேசையில் முடித்திருக்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் வருபவரைப் பஸ்ஸிலேயே கண்டுபிடித்து இரண்டு இட்லி சாப்பிட வையுங்கள். உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாடையில் மயங்கி விழுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

மதிப்பெண் போடும்போது

அம்புக்குறி போட்டு "இது என்ன" என்று கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். "இங்கே ஊசி போட்டால் எவற்றைத் தாண்டிப் போகும், எதைத் தவிர்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். தோழியின் உடலில் விரல் வைத்துக் காட்டியதற்குப் பாதி மதிப்பெண், அதையே திரையில் உரித்துச் சரிபார்த்ததற்கு மீதி. இதற்கு ஒரு ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம்தான் ஆகும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் தயார் செய்த காட்சியை "இடுப்பு ஊசி", "ரைல்ஸ் டியூப்" என்று வேலையின் பெயரிலேயே சேமித்து வையுங்கள், உறுப்பின் பெயரில் வேண்டாம். பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து அலமாரியில் வையுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம் மேசையை மாணவிகளுக்குத் திறந்துவிடலாமா என்று பிரின்சிபாலிடம் கேளுங்கள். பொறுப்புக்கு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரைப் போட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்.